ஐயனார் கோயில் மரங்களே போதும்: காட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில், கடலோரக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காட்டுச் சூழல், பல்லுயிர் பற்றி நடத்தும்போது புலி, யானை, மான் என்று படம் காட்டுகிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள், ஆனால் எதுவும் மனதில் தங்குவதாகத் தெரியவில்லை. முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ கூட்டிப்போக வசதி இல்லை. ஒரு நாள் வண்டலூருக்கு அழைத்துப் போனால் போதுமா? எங்கள் ஊரில் ஐயனார் கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் மரங்கள் உண்டு, மற்றபடி காடு கிடையாது.

பதில்: வண்டலூருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் இந்தப் பாடத்துக்கு அது உதவாது. அங்கே ஒவ்வொரு விலங்கும் தனித்தனி அடைப்பில் இருக்கிறது, சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுகிறது. யாரை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்பது கண்ணில் படாது. நீங்கள் சொல்லித்தர வேண்டியதோ அதைத்தான்.

கடைசியில் போகிற போக்கில் ஐயனார் கோயில் மரங்கள் என்றீர்களே, அங்கே போங்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வளரும் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைக்காடு என்று பெயர். மழை குறைவு, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. அப்படியும் ஒட்டுமொத்தமாக இலையை உதிர்த்துவிடாமல் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும் குட்டையான, அடர்ந்த காடு. பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதில் நல்ல துண்டுகள் பல கோயில் காடுகளாகவே தப்பித்திருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அப்படி ஒன்று. உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய் வீரை, காசான், உலக்கைப்பாலை எல்லாம் நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் பழைய காட்டின் மிச்சம் உங்கள் ஊரில் இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேம்பும் அத்தியும் ஆலும் இருந்தாலே பாடம் நடத்திவிடலாம்.

புலியை மறந்துவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள். நான்கு மீட்டர் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நான்கு குச்சி நட்டுக் கட்டினால் ஒரு சதுர மீட்டர் கட்டம் கிடைக்கும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கட்டம். முதலில் பத்து நிமிடம் எதையும் தொடாமல் பார்க்கட்டும். அப்புறம் சருகை அடுக்கடுக்காக விலக்கச் சொல்லுங்கள். மேலே முழு இலை, நேற்று விழுந்தது மாதிரி. அதன் கீழே ஓட்டை விழுந்த இலை. இன்னும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய வலைபோன்ற இலையும், அதன்மேல் ஓடும் வெள்ளை நூல்களும். அந்த நூல்கள் பூஞ்சை. அடியில் விரலால் தேய்த்தால் உதிரும் கறுப்பு மண். இலை எப்படி மண்ணாகிறது என்பதை ஒரு சாண் ஆழத்துக்குள் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்துவிடுவார்கள். இதை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது.

சருகில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் உதறுங்கள். மரவட்டை, பூரான், சிலந்தி, எறும்பு, வெள்ளைப் புள்ளிபோல் இருந்து சட்டென எகிறும் பொடி உயிர் எல்லாம் வரும். பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ரயில்பூச்சி என்று பிள்ளைகள் சொன்னால் அதையே எழுதட்டும். பெயரைவிட முக்கியமான கேள்வி, இது என்ன சாப்பிடுகிறது என்பது. மரவட்டை மக்கிய இலையைத் தின்கிறது, பூரான் மற்ற பூச்சிகளைப் பிடிக்கிறது. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டால் உணவுச்சங்கிலியை அவர்களே கட்டிவிடுவார்கள். புல், மான், புலி என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். உண்மையில் காட்டில் விளையும் இலையில் பெரும்பகுதியை எந்த விலங்கும் பச்சையாகத் தின்பதில்லை. அது உதிர்ந்து, பூஞ்சைக்கும் கரையானுக்கும் மரவட்டைக்கும்தான் போகிறது. பாடம் நடத்துவதில் பெரிதும் விட்டுப்போகிற பகுதி இதுதான் என்பது என் எண்ணம். இன்னொன்று: சங்கிலி வரையும்போது அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். பிள்ளைகள் பலர் தலைகீழாகப் போடுவார்கள், அங்கேயே திருத்திவிடுங்கள்.

கரையான் புற்று இருந்தால் மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். புற்றுக்காளான் பறித்து வந்து வீட்டில் சமைத்த கதை உங்கள் வகுப்பிலேயே யாராவது சொல்வார்கள். அந்தக் கரையான் தான் கொண்டுவரும் சருகையும் மரத்தூளையும் வைத்துப் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கிறது, அதைத் தின்கிறது. அந்தப் பூஞ்சைதான் மழையில் குடையாக வெளியே வருகிறது. அதே கரையான் ஈசலாகப் பறந்தால் பறவைக்கும் தவளைக்கும் பல்லிக்கும் விருந்து.

அத்திமரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும். பிஞ்சு ஒன்று, பழுத்தது ஒன்று எடுத்து நீங்களே பிளேடால் பிளந்து காட்டுங்கள். பிஞ்சின் உட்சுவர் முழுக்கப் பொடிப் பூக்கள். பூ உள்ளேயே இருப்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அது இதுதான். பழுத்ததைத் திறந்தால் குட்டிக் குளவிகள் இருக்கக்கூடும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழியைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்தப் புழு இல்லாவிட்டால் அத்தி விதையே கட்டாது என்று சொல்லுங்கள். காம்புக்கு எதிர்முனையில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெண் குளவி மகரந்தத்தோடு அதில் நெருக்கி நுழைந்து, பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு, உள்ளேயே செத்துவிடும். பிறக்கும் ஆண் குளவிக்கு இறக்கை கிடையாது, அது வெளியேறும் வழியைக் குடைந்து கொடுக்கும். பெண்கள் மகரந்தம் சுமந்து வேறு மரம் தேடிப் பறக்கும். அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறொரு குளவி. மற்ற மரங்களில் பழம் இல்லாத நாளிலும் இந்த இனத்தில் ஏதாவது ஒரு மரம் பழுத்திருக்கும் என்பதால் குயில், குக்குறுவான், பழந்தின்னி வௌவால் எல்லாம் இங்கே வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி போனால் வௌவாலின் சாப்பாடு போகும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நன்றாகப் புரிந்துகொள்ளும்.

பல்லுயிர் என்பதை எண்ணிக்கையால் விளக்க, இன்னொரு நாள் அதே கயிற்றைச் சீமைக் கருவேலம் மண்டிய இடத்தில் கட்டுங்கள். தூரத்தில் இரண்டும் பச்சைதான். கட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் தானே பேசும். வகையை மட்டும் எண்ணாமல் ஒவ்வொன்றிலும் எத்தனை என்றும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வகையில் ஐம்பது உயிர் இருந்து, அதில் நாற்பத்தாறும் எறும்பு என்றால், வகைக்குப் பத்து இருக்கும் இடம் அளவுக்கு அதை வளமானது என்று சொல்ல முடியாது.

மூன்று முறை போனால் போதும்: ஆகஸ்டில், நவம்பரில் மழை விட்ட ஒரு நாளில், பிப்ரவரியில். அதே கட்டம், அதே குழு. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள்.

போகும் முன் நீங்கள் தனியாக ஒருமுறை போய்ப் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசிவிடுங்கள். சில கோயில் காடுகளில் செருப்புக் கூடாது, சிலவற்றில் மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகள் போகக் கூடாது என்பார்கள். அப்படி இருந்தால் காட்டின் வெளி ஓரத்திலேயே எல்லோருக்கும் கட்டம் போடுங்கள். எந்தப் பெண் பிள்ளையும் ஏன் வரவில்லை என்று யாருக்கும் பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. ஓரம் என்றால் ஷூவும் போட்டுக்கொள்ளலாம். சருகைக் கையால் அல்ல, குச்சியால் விலக்க வேண்டும். புற்றிலும் மரப்பொந்திலும் கை விடக் கூடாது. தொட்டால் அரிப்பெடுக்கும் செந்தட்டியையும் பூனைக்காலிக் காயையும் முதலிலேயே அடையாளம் காட்டுங்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டுபோங்கள். 108 எவ்வளவு நேரத்தில் வரும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த பூச்சியை அதே இடத்தில் விட்டு, சருகைத் திரும்ப மூடிவிட்டு வர வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

பிள்ளைகள் எழுதிய பட்டியலை வீணாக்காதீர்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, பட்டியலின் நகலைக் கொடுங்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத வீரகோயில் காடு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சின்னக் காடுதானே என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

தேர்வில் பல்லுயிரை வரையறு என்று கேட்பதோடு இதையும் சேருங்கள்: திருவிழாவுக்காக இந்தக் காட்டின் சருகு முழுவதையும் ஆண்டுதோறும் கூட்டி எரித்தால் என்னென்ன மாறும்? ஒரே சரியான பதில் இதற்குக் கிடையாது. ஒரு மாற்றத்திலிருந்து அடுத்ததற்குக் காரணம் சொல்லி எத்தனை படி போகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.