டி.சி. வாங்கும் முன் குட்டைக்கரைக்குப் போய் வாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் ஒன் உயிரியல் குரூப் படிக்கும் மகள், கூடவே தாய்மாமன். பேசியது பெரும்பாலும் மாமாதான். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளியும் ஒரு மினி லாரியும் இருக்கின்றன. கையில் வைத்திருந்த துணிப்பையைக் கடைசி வரை கீழே வைக்கவே இல்லை.

திட்டம் இதுதான். இந்த மே மாதம் அரசுப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிவிட வேண்டும். ப்ளஸ் டூவை நீட் பயிற்சியோடு சேர்த்து நடத்தும் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்க வைக்க வேண்டும். கட்டணம் ஒரு வருடத்துக்கு இரண்டே முக்கால் லட்சம். சீட் கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம் 'லாங் டேர்ம்', அதாவது நீட்டுக்கு மட்டும் முழு வருடப் பயிற்சி. அப்போதும் கிடைக்காவிட்டால் வெளிநாடு. ரோட்டோரம் இருக்கும் அரை ஏக்கருக்கு ஆளும் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கு இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல் சொன்னேன். பதறாதீர்கள், இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றெல்லாம். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "காலையில் எழுந்ததும் என்னம்மா செய்வாய்?" என்று சும்மா கேட்டேன்.

"குட்டைக்குப் போவேன் சார்."

அவர்கள் நிலத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறதாம். அதில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் ஏன் போகிறாய் என்றால், "விடியறதுக்கு முன்னாடிதான் மீன் மேல வந்து வாயைப் பிளக்கும் சார். அப்ப மோட்டாரைப் போட்டு தண்ணியை உயரத்துல இருந்து விழ விடணும். வெயில் ஏறினா சரியாயிடும்" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை. வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு, முதல் நாள் மேகமா வெயிலா, மறுநாள் எத்தனை மீன் மேலே வந்தது என்று எழுதி வைத்திருக்கிறாள். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் அதிகம் வருகின்றன என்பதையும் அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு என்னால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

தண்ணீரில் இருக்கும் பாசியும் நுண்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனைத் தருகின்றன. இருட்டிவிட்டால் அவையும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவு. முந்தைய நாள் வெயில் இல்லையென்றால் இன்னும் மோசம். மரக்காணத்திலிருந்து நெல்லூர் வரை இறால் பண்ணைகளில் நடுராத்திரியில் காற்றூட்டும் சக்கரங்கள் ஓடுவது இதனால்தான். மீன்வளக் கல்லூரியில் கருவி வைத்து அளக்கக் கற்றுக்கொடுக்கும் விஷயத்தை இந்தப் பெண் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து எட்டியிருக்கிறாள். "நீட் எழுத ஆசையாம்மா?" என்று கேட்டதற்கு மட்டும் மாமாவைப் பார்த்துவிட்டு, "எழுதறேன் சார்" என்றாள்.

இனி அப்பாவிடம் நேராகவே பேசுகிறேன். அன்று மாமா இருந்ததால் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை.

சார், முதலில் அந்த டி.சி. விஷயம். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி; நான்கு வருடத்துக்கு 48 ஆயிரம். கடைசி ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வளவும் போய்விடும். மச்சான் ஆசைப்படும் மருத்துவத்துக்கே கூட அவளுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு இந்த 7.5 சதவீதம்தான். அதைத் தூக்கிப் போடுவதற்கு அரை ஏக்கரை விற்பது என்ன கணக்கு? வெளிநாட்டுக்கும் நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்தால் இங்கே இன்னொரு தேர்வு இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பு உங்கள் வரும்படிக்கு ஆகாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பொறியியல், நர்சிங், பி.எஸ்சி. பற்றியெல்லாம் உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. தூத்துக்குடிக் கல்லூரி அதற்கும் மூத்தது, 1977-லிருந்தே இருக்கிறது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால் கியூட் என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வு எழுதலாம். அதற்கான விண்ணப்பம் ப்ளஸ் டூ நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிடும் என்பதால் இப்போதே காதில் போட்டு வைக்கிறேன்.

"மீன் பிடிக்கவா நாலு வருஷம் படிக்கணும்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படிப்பில் மீன் பிடிப்பது ஒரு சின்னப் பகுதி. துடுப்பின் முட்களையும் பக்கக் கோட்டுச் செதில்களையும் எண்ணி இனம் பிரிப்பது, குடலைத் திறந்து மீன் என்ன தின்றது என்று பார்ப்பது, நீரின் தன்மையை அளப்பது, நோய் கண்டறிவது, தீவனம் கலப்பது, பதப்படுத்துவது, ஏற்றுமதிக்கான தரக்கட்டுப்பாடு, பொருளாதாரம், வலைப் பொறியியல் என்று போகும். கடைசி வருடம் வகுப்பறையை விட வெளியில்தான் அதிகம்: மீனவ கிராமத்தில், குஞ்சுப் பொரிப்பகத்தில், பதப்படுத்தும் ஆலையில்.

உங்கள் குட்டையில் இருக்கும் கட்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அங்கே முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் இடும். அப்படியானால் நீங்கள் வாங்கிய குஞ்சு எங்கிருந்து வந்தது? தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். இந்தியாவில் இதை 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற இரண்டு விஞ்ஞானிகள் முதன்முதலில் செய்து காட்டினார்கள். அந்தத் தேதியைத்தான் இப்போது தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன்பு ஆற்றில் போய்க் குஞ்சு அள்ள வேண்டும். எந்தக் குஞ்சு எந்த இனம் என்றுகூடச் சரியாகத் தெரியாது. இதைச் சொன்னபோது உங்கள் மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், பையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

படித்துவிட்டு எங்கே போவது? மீன்வளத் துறைப் பணிகள் இருக்கின்றன. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பலருக்குத் தெரியாத ஒன்று, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டமும் தகுதி. மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். தனியாரில் தீவனக் கம்பெனிகள், பொரிப்பகங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை வேலை என்றால் நேரம் காலம் கிடையாது. ஆரம்பச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் மனசு நோகும். ஆந்திராவில் ஏதாவது ஓர் உப்பங்கழி ஓரம் தங்க வேண்டி வரலாம். 2025-ல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியபோது இறால் தொழிலே ஆடிப்போனது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு செமஸ்டர் மூச்சு முட்டும். அம்மா வாசலில் செருப்பு போடும்போது மெதுவாகக் கேட்டார்கள், "பொம்பளப் பிள்ளைக்கு மீன் வாடையா சார்?" தினமும் விடியலுக்கு முன் குட்டைக்குப் போய்விட்டு அதே கையோடு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்காது என்று சொன்னேன்.

நீட் அவள் எழுதட்டும், தடையில்லை. அரசுப் பள்ளியில் இருந்தபடியே எழுதட்டும். ஆனால் சீட் வரவில்லை என்றால் இன்னொரு வருடம் உட்கார வைக்கும் முடிவை அவள் வாய் திறந்து கேட்டால் ஒழிய எடுக்காதீர்கள். மாமா கேட்டால் போதாது.

ப்ளஸ் டூ தொடங்குவதற்குள் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. 2025-26 முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றதும் நிறையப் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். நீட்டுக்கு அந்தப் பாடம் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இயற்பியல் கொஞ்சம் வீக். கோடை விடுமுறையில் அதை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றீர்கள். அப்படியானால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும், சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஜூனில் போனால் கூட்டத்தில் நசுங்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால் என்று இருக்கிறது. நான் பார்த்தேன். அதைச் சரி செய்யுங்கள். பெயரில் இருந்த ஒரு புள்ளிக்காகக் கலந்தாய்வு நாளில் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

அப்புறம், மே மாதம் ஒரு நாள் லாரிக்கு லீவு கொடுத்துவிட்டு மேட்டூர் அணை அரசு மீன்விதைப் பண்ணைக்கு அவளை அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மச்சானை வேண்டுமானால் கூட்டிப் போங்கள், ஆனால் அங்கே அவள் கேள்வி கேட்கட்டும்.

அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம் திரும்ப வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்க வந்தவரிடம் மட்டும் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.