பழசோடு புதுசு சேருமா?

கேள்வி: காசிமேட்டில் மொட்டைமாடி சோலார், 24 வோல்ட் இன்வெர்ட்டர். நாலு வருஷம் ஓடிய 12 வோல்ட், 150 ஏஹெச் (கொள்ளளவு) பேட்டரி இரண்டில் ஒன்று போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: வேண்டாம், ஜோடியாகவே மாற்றுங்கள். சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், வோல்ட்தான் கூடும், ஏஹெச் அதே 150தான். இன்வெர்ட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டுமே. சார்ஜில் அது 28.8 காட்டும்போது பழசு 15 வோல்ட்டில் கொதித்துத் தண்ணீரை இழக்கும், புதுசு 13.8ல் அரைவயிற்றோடு நிற்கும். அப்புறம் புதுசும் கெடும், காசும் போச்சு.

புதியவற்றைத் தனித்தனியே முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். பேனலை அணைத்துவிட்டு, ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸோடு, இன்வெர்ட்டர் ஒயர் தடிமனிலேயே இணையுங்கள். மீதி இரு முனைகளில் மீட்டர் வையுங்கள்: 25 வோல்ட் சுமார் வரணும். பூஜ்யம் காட்டினால் முனை மாறியிருக்கிறது. ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பூக்கும். இறுக்கியபின் வாசலின் தடவுங்கள்.