இன்றைய உளவு நாவல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச காலமாக உளவு நாவல்கள் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. ஆனால் கையில் கிடைப்பவை இரண்டே வகைதான். பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கியும் கார் துரத்தலும் ஒரு வகை. பெர்லின் சுவர் காலத்துக் கதைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகை பிடித்திருக்கிறது, ஆனால் அந்த உலகம் முடிந்துபோனது. இன்று உளவுத்துறையில் இருப்பவர்களின் வேலை எப்படி நடக்கிறதோ அப்படிச் சொல்லும் நாவல்கள் உண்டா? முன்னாள் அதிகாரிகள் எழுதியதென்றால் நம்பி வாங்கலாமா? இந்தியாவை வைத்து யாராவது எழுதியிருக்கிறார்களா?

கே.,
திருச்சி

அன்புள்ள கே.,

உண்டு. கடந்த பதினைந்து வருடங்களில் நல்ல நாவல்கள் சில வந்திருக்கின்றன. பெயர்களுக்கு முன்னால், ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது நான் எதைத் தேடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உளவு வேலையின் நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அதிகாரி. மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். பெரும்பாலும் தூதரகத்தில் வேறொரு பதவியின் பெயரில் உட்கார்ந்திருப்பார். மாட்டினால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். இன்னொருவர், அவருக்குத் தகவல் கொடுப்பவர். சொந்த நாட்டின் ரகசியத்தை எடுத்து வெளிநாட்டுக்காரர் கையில் கொடுக்கிறவர். இவர் மாட்டினால் சிறை, சில நாடுகளில் மரணதண்டனை. இவர் எதற்காக இந்தக் காரியத்தில் இறங்கினார்? பணமா, கொள்கையா, மேலதிகாரி மேல் கோபமா, தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற மனக்குறையா? அந்த அதிகாரி இவரிடம் எப்படிப் பேசிப் பழகி இதுவரை கொண்டுவந்தார்? கடைசியில் இவரைக் காப்பாற்றினாரா? நல்ல உளவு நாவல் இதைத்தான் சொல்கிறது. தகவல் கொடுப்பவருக்கு ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு பயம் கூட இல்லாத நாவலை நான் பாதியில் மூடிவிடுவேன்.

அந்த அளவில் எனக்கு முதலில் நிற்பது ஐ.எஸ்.பெர்ரி எழுதிய 'தி பீகாக் அண்ட் த ஸ்பேரோ'. 2023-ல் வந்தது. பெர்ரி அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் களப்பணி அதிகாரியாக இருந்த பெண். கதை பஹ்ரைனில், அரபு வசந்தம் என்று பத்திரிகைகள் எழுதிய கிளர்ச்சிக் காலத்தில் நடக்கிறது. மன்னர் குடும்பம் சுன்னி, மக்களில் பெரும்பான்மை ஷியா. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவு அங்கேதான் நிற்கிறது என்பதால் மன்னர் விழுவதை வாஷிங்டன் விரும்பாது. ஓய்வுக்குக் கிட்டத்தில் இருக்கும், குடிப்பழக்கம் உள்ள, எதிலும் நம்பிக்கை இழந்துபோன ஷேன் காலின்ஸ் என்ற அதிகாரிதான் கதைசொல்லி. அவருக்குக் கிளர்ச்சிக்காரர்கள் பக்கத்திலிருந்து தகவல் கொடுப்பவன் ரஷீத். இரண்டு பேரும் சந்திக்கும் இடங்களைக் கவனித்துப் படியுங்கள். யார் யாரை இயக்குகிறார்கள் என்ற சந்தேகம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். தலைமை கேட்க விரும்பும் செய்தியையே அறிக்கையாக எழுதி அனுப்பும் பழக்கத்தையும் இந்த நாவல் அழுத்தமாகக் காட்டுகிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஈராக் போர் சாட்சி. உயிரி ஆயுதத்துக்கு நடமாடும் ஆய்வகங்கள் இருப்பதாக, ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஓர் ஈராக்கியர் சொன்னார். அந்தப் பேச்சு 2003 பிப்ரவரியில் ஐ.நா. சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் உரை வரை போனது. அந்த ஈராக்கியர் சொன்னது பொய். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் சொல்லியிருப்பது எவ்வளவு நடைமுறை சார்ந்த அறிவுரை என்று அப்போது புரிந்தது.

அடுத்து, 'இன்று' என்று கேட்டீர்கள். இன்றைய உளவு வேலையை அடியோடு மாற்றியது கேமராவும் கைரேகையும் கைபேசியும். 2010 ஜனவரியில் துபாய் ஹோட்டல் ஒன்றில் ஹமாஸ் தளபதி மஹ்மூத் அல்-மப்ஹூஹ் கொல்லப்பட்டார். வந்தவர்கள் பிரிட்டன், அயர்லாந்து என்று பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் வந்தார்கள், காரியம் முடிந்ததும் பறந்துவிட்டார்கள். துபாய் போலீஸ் விமானநிலையக் கேமராவையும் ஹோட்டல் கேமராவையும் சேர்த்துவைத்துப் பார்த்து, டென்னிஸ் மட்டையோடு அவர் பின்னால் போன இருவர் உட்பட, சந்தேகத்துக்குரியவர்களின் முகங்களைச் சில வாரங்களிலேயே உலகத்துக்குக் காட்டிவிட்டது. இன்று பல விமானநிலையங்களில் கைரேகையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஆள் மூன்று பெயரில் மூன்று நாட்டுக்குள் சர்வசாதாரணமாக நுழையும் கதை இன்றைய கதையே கிடையாது.

இந்த நெருக்கடியைப் புரிந்து எழுதியவர் டேவிட் மெக்லோஸ்கி. சிஐஏவில் சிரியாவைக் கவனித்த ஆய்வாளர். அவருடைய 'டமாஸ்கஸ் ஸ்டேஷன்' 2021-ல் வந்தது. சிரியா உள்நாட்டுப் போரின் நடுவே, அப்போதைய அதிபர் அசாத்தின் அரண்மனையில் வேலை பார்க்கும் மரியம் என்ற பெண்ணைத் தகவலாளியாகச் சேர்க்கிறார் ஓர் அமெரிக்க அதிகாரி. பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள மணிக்கணக்கில் ஊரைச் சுற்றும் பகுதிகள் இருக்கின்றன. ஒன்றுமே நடக்காது, ஆனால் வயிற்றைப் பிசையும். எந்தக் கடையில் நிற்பது, எந்தத் திருப்பத்தில் திரும்புவது, ஒரே முகத்தை இரண்டாம் முறை பார்த்தால் சந்திப்பைக் கைவிடுவதா என்று எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. தகவலாளியோடு காதல் கூடாது என்ற விதியை நாயகன் மீறுவது மட்டும் எனக்குச் சினிமாவாகப் பட்டது. அப்படியும் மரியத்தின் பயம் பொய்யாகவில்லை. அதனால் இந்த நாவலை மன்னிக்கிறேன்.

சரி, முன்னாள் அதிகாரி என்றால் நம்பலாமா? பாதி நம்பலாம். சிஐஏவில் இருந்தவர்கள் நாவல் எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அந்த அமைப்பின் ஒப்புதலை வாங்க வேண்டும். எனவே கருவிகளும் பெயர்களும் மாற்றப்பட்டிருக்கும். ஆட்களின் மனம் மட்டும் அப்படியே இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அனுபவம் இருந்தும் கற்பனை தறிகெட்டு ஓடுவதுண்டு. முப்பது வருடத்துக்கு மேல் சிஐஏவில் இருந்த ஜேசன் மேத்யூஸின் 'ரெட் ஸ்பேரோ' அப்படி. மாஸ்கோ தெருக்களில் பின்தொடர்வதை அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அதே நாவலில் நாயகிக்கு மனிதர்களைச் சுற்றி நிறங்கள் தெரிகின்றன!

நேர் எதிராக, மிக் ஹெரன் உளவுத்துறையில் வேலை பார்த்தவரே இல்லை. 2010-ல் தொடங்கிய அவருடைய 'ஸ்லோ ஹார்சஸ்' வரிசையில், பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5-ல் வேலையில் சொதப்பிய ஆட்களை லண்டனில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் தள்ளிவைத்திருக்கிறார்கள். சம்பவங்கள் மிகைதான். அலுவலகத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டையும், தப்பு நடந்தால் யார் தலையில் கட்டுவது என்ற கணக்கும் அசல்.

பெர்லின் சுவர் காலத்து உளவு நாவல்களுக்குப் பெயர்போன ஜான் லெ காரேயை அந்தச் சுவரோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய 'எ மோஸ்ட் வான்டட் மேன்' 2008-ல் வந்தது, ஹாம்பர்க்கில் நடக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவர்களில் சிலர் வாழ்ந்த ஊர் அது. திருட்டுத்தனமாக வந்து சேரும் ஒரு செச்சென் இளைஞனைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பெரிய மீனைப் பிடிக்க நினைக்கிறது ஒரு தரப்பு, உடனே தூக்கிவிட நினைக்கிறது இன்னொரு தரப்பு. அவனோ நடுவில் ஒன்றும் தெரியாமல் நிற்கிறான்.

இனி இந்தியா. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது அமர் பூஷணின் 'எஸ்கேப் டு நோவேர்' என்று நினைக்கிறேன். 2012-ல் வெளிவந்தது. இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவில் இணைச்செயலர் பதவியில் இருந்த ரபீந்தர் சிங், 2004-ல், ரகசியங்களைக் கசியவிடுகிறார் என்ற சந்தேகத்தில் கண்காணிப்பில் இருக்கும்போதே நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிப்போனார். அமர் பூஷண் அப்போது ராவின் எதிர் உளவுப் பிரிவுக்குத் தலைவர், அதாவது அவரைக் கண்காணித்தவர். அந்த அனுபவத்தை நாவலாக்கியிருக்கிறார். சந்தேகத்துக்குள்ளான அதிகாரியின் அறையில் ரகசியக் கேமரா வைக்கிறார்கள். அவர் தனக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளை நகலெடுப்பதும், சக அதிகாரிகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பேச்சுவாக்கில் விவரம் பிடுங்குவதும் தெரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி வேண்டும், கைது செய்தால் அமைப்பின் மானம் போகும், மேலே யார் முடிவெடுப்பது என்று நாட்கள் நகர்கின்றன. இந்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்த யாருக்கும் அந்தப் பக்கங்கள் பதைபதைப்பைத் தரும். நடை வறட்சிதான், சில இடங்களில் அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும். எனக்கு அதுவே பிடித்திருந்தது. 2023-ல் வந்த 'குஃபியா' படம் இதிலிருந்து எடுத்ததுதான். அது வேறு திசையில் போய்விட்டது, நாவலைப் படியுங்கள்.

இப்படி இன்னும் பத்து நாவல்கள் நமக்கு வந்திருக்க வேண்டும். 2021-ல் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, உளவு அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் முன் அனுமதியின்றித் தங்கள் பணி சார்ந்து எதையும் வெளியிடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே இனி வெளியிலிருக்கும் எழுத்தாளர்கள்தான் எழுத வேண்டும். தமிழில் அதற்குக் கதை இல்லாமல் இல்லை. எண்பதுகளில் ஈழ இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சி கொடுத்தது. அதே காலத்தில், 1987-ல், சென்னையில் ராவின் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்தார் என்று கைதானார். இந்த ஊரின் தெருக்களில், நம் மொழியில் நடந்த விஷயம். அதை அந்த அதிகாரியின் பக்கத்திலிருந்தோ, அவரை நம்பித் தங்கள் முகாம் விவரங்களைச் சொன்ன இயக்கப் பையன்களின் பக்கத்திலிருந்தோ ஒரு தமிழ் நாவலாசிரியர் எழுத வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

வாசிக்கும் வரிசை கேட்டால், 'டமாஸ்கஸ் ஸ்டேஷ'னில் தொடங்குங்கள், வேகம் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அமர் பூஷண். பெர்ரியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாத நாட்களில் படிக்க வேண்டிய நாவல் அது. முடித்ததும் ரஷீத் செய்தது துரோகமா என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்