"ஒண்ணுமில்லடா மணி": கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாயின் மூக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் மணிக்கு மூன்று வயது. நாட்டு நாய், 18 கிலோ. வருடாந்திர ஊசி போடும் நாளில், நான் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆட்டோவில் வழியெல்லாம் "ஒண்ணுமில்லடா மணி, ஒண்ணுமில்ல" என்று தடவிக்கொண்டே போவேன். ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் உடம்பெல்லாம் உதறல். உண்மையில் அதைவிட எனக்குத்தான் பயம். போன வருடம் அங்கே ஊசிக்குப் பிறகு முகம் வீங்கிய ஒரு நாயைப் பார்த்தேன். அதிலிருந்து ஊசி என்றாலே முந்தின இரவு தூக்கம் போய்விடுகிறது. மணிக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? என் பயம்தான் அதற்குத் தொற்றுகிறதா? அடுத்த மாதம் மறுபடி ஊசி.

ம., காட்பாடி

அன்புள்ள ம.,

ஊசி வரப்போகிறது என்று மணிக்குத் தெரியாது. உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுதான் அதற்குத் தெரியும்.

அந்தக் காலையை அதன் பக்கத்திலிருந்து பாருங்கள். 6 மணிக்கு எழுந்திருக்கிற ஆள் 5 மணிக்கே நடமாடுகிறார். தட்டில் சாப்பாடு விழவில்லை. பீரோ திறக்கிறது, ஊசிப் புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது. வருடத்தில் ஓரிரு நாள் மட்டுமே கேட்கும் சத்தம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் வியர்வையின் வாடை மாறியிருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஆட்களை மனக்கணக்குப் போட வைத்து, அதற்கு முன்பும் பின்பும் அவர்களின் மூச்சையும் வியர்வையையும் துணியில் எடுத்து நாய்களிடம் கொடுத்தார்கள். பதற்றத்தில் எடுத்த துணியை நாய்கள் 100க்கு 90 தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. கணக்குக்கே அப்படி என்றால், தூங்காத இரவுக்கு எப்படி இருக்கும்?

அடுத்து, அந்த "ஒண்ணுமில்லடா". சாதாரண நாளில் மணியிடம் இதைச் சொல்வீர்களா? தீபாவளி வெடிக்கும் இடிக்கும் ஊசிக்கும்தான் சொல்லியிருப்பீர்கள். அதன் கணக்கில் அந்தச் சொல்லுக்கு 'ஏதோ வரப்போகிறது' என்றுதான் அர்த்தம். பயந்த நாயைத் தடவினால் பயம் வளரும் என்று சிலர் சொல்வது தப்பு, தாராளமாகத் தடவுங்கள். ஆனால் வேகமாக, மேலோட்டமாக வருடாமல், உள்ளங்கையை மார்பில் அழுத்தி மெதுவாகத் தடவுங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வீட்டில் நிதானமான ஆள் வேறொருவர் இருந்தால் இந்த முறை அவரே கூட்டிப் போகட்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு மாதம் இருக்கிறது, போதும். இன்றிலிருந்தே கண்ட நேரத்தில் கயிற்றை மாட்டி, கேட் வரை போய்த் திரும்புங்கள். பிளாஸ்டிக் உறையைத் தினம் ஒருமுறை சரசரக்க வைத்து, உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று தடவை சும்மா போய் வாருங்கள்: எடை மேடையில் ஏற்றுங்கள், தின்னக் கொடுங்கள், திரும்பிவிடுங்கள். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். ஊசிக்கு மட்டுமே போகிற இடமாக இருந்தால் அந்த வாசலின் பினாயில் வாடையே அதற்கு ஊசி.

அன்று காலை முழுப் பட்டினி வேண்டாம், பாதிச் சாப்பாடு. உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நக அளவில் 25 துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரப்பர் விரிப்பும் வேண்டும். எவர்சில்வர் மேசையில் கால் வழுக்குவதால்தான் பாதி உதறல்; தரையிலேயே போடச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை. ஆட்டோவில் சீட்டில் வேண்டாம், கால் வைக்கும் இடத்தில் சாக்கு விரித்து உட்கார வையுங்கள். வேலூர் வெயிலில் காலை 9 மணிக்குள் போவது நல்லது. அதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

காத்திருக்கும்போது வாயை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிவது, தரையில் ஈரக் கால்தடம் (நாய்க்குப் பாதத்திலும் வியர்க்கும்) எல்லாம் பயத்தின் அடையாளங்கள். கோழிக்கறியையே வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். வெளியே நிழலில் நின்று, முறை வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். வாய்மூடி தேவைப்பட்டால் கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியோடு நாயால் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. நம் ஊர்ச் சூட்டில் அது ஆபத்து.

ஊசி சமாசாரம் சின்னது. மருந்து 1 மில்லி, பெரும்பாலும் தோள்பட்டைக்கு மேல் தளர்ந்த தோலைத் தூக்கி அதன் அடியில் போடுவார்கள். 5 கிலோ நாய்க்கும் 40 கிலோ நாய்க்கும் அதே அளவுதான். "சின்ன நாய்தானே, பாதி போடுங்க" என்று கேட்பது மருந்தை வீணாக்கும் வேலை. ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் மறு கையை வயிற்றைச் சுற்றியும் கொடுத்து உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். குத்துவதற்கு முன்பே தீனியைத் தொடங்கி, எடுத்த பிறகும் நான்கைந்து துண்டு தொடரட்டும். கூட்டுத் தடுப்பூசி என்றால் கட்டியான தூளையும் திரவத்தையும் உங்கள் கண்முன் கலப்பார்கள். குப்பியின் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

மருந்தைக் கடையில் நீங்களே வாங்கிப் போவதானால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். ஐஸ் மேலேயே வைத்துவிடாதீர்கள், வெறிநாய்க்கடி மருந்து உறைந்தாலும் கெட்டுவிடும்.

இனி உங்கள் பயம். கடுமையான ஒவ்வாமை வருமானால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும்: திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு வெளுப்பது, மூச்சிரைப்பு, சுருண்டு விழுவது. அதனால்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள், உட்காருங்கள். நீங்கள் பார்த்த முகவீக்கமும் உடம்பில் தடிப்பும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். காலையில் போகச் சொன்னது இதற்காகத்தான்: மாலையில் போட்டால் வீக்கம் வரும்போது ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். உடனே கொண்டுபோனால் முகவீக்கம் பொதுவாக ஒரு ஊசியில் அடங்கிவிடும். இதுவரை போட்ட ஊசிகளில் மணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இம்முறையும் ஆகாமலிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓரிரு நாள் சோர்வு, லேசான சூடு, அரைச் சாப்பாடு எல்லாம் வழக்கம். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயைக் கொல்லக்கூடும். போட்ட இடத்தில் பட்டாணி அளவு கட்டி இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கரையும். ஒரு மாதம் தாண்டியும் இருந்தால், அல்லது பெருத்துக்கொண்டே போனால் காட்டுங்கள்.

அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். இன்று சோறு வைக்கும்போது "சாப்பாடு மணி" என்று என்ன குரலில் சொன்னீர்களோ, மேசையிலும் அதையே, அதே குரலில் சொல்லுங்கள்.