ஆன்லைன் மேப்பை வைத்து நம் ஏரியா பூங்காக்களையும் மக்கள் ஆரோக்கியத்தையும் மேம்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் மேப்பில் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பதோடு நின்றால் பிரயோஜனமில்லை. கேட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 5 நிமிட நடையில், அரை ஹெக்டேராவது பசுமையான பொது இடம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு. அது நேர்கோட்டுக் கணக்கு. நம்மூரிலோ பூங்காவைச் சுற்றி மதில், பல இடங்களில் ஒரே கேட். பின்தெருக்காரர் மெயின்ரோடு வரை சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். முட்டிவலி உள்ளவர் வாக்கிங்கையே விட்டுவிட அந்தச் சுற்று போதும்.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதிப் பூங்கா வெறும் பச்சைக் கட்டமாக இருந்தது. வழி கேட்டால் பின்தெரு மதிலடியில் கொண்டுபோய் நிறுத்தியது. கேட்டையும் உள்ளே இருக்கும் நடைபாதையையும் வரைந்து தெருவோடு இணைத்த பிறகுதான் உண்மையான தூரம் தெரிந்தது. திறக்கும் நேரத்தையும் சேருங்கள். நடுப்பகலில் பூட்டும் பூங்கா, அந்நேரம் மட்டுமே ஓய்வு கிடைக்கும் பெண்களுக்கு இல்லாத பூங்காதான். இந்த மேப்பில் விவரம் சேர்க்க உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப், பெஞ்சில் சாய்மானம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கும். வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம். கூகுள் மேப்பிலிருந்து எதையும் காப்பி அடிக்காதீர்கள், உரிமச் சிக்கல் வரும்.

அப்புறம் ஓபன்ரூட்சர்வீஸ் தளத்தில் கேட் மேல் புள்ளி வைத்தால், 5 நிமிடத்தில் நடந்து வரக்கூடிய தெருக்களை வரைந்து காட்டும். பின்மதிலில் புது கேட் வேண்டும் என்கிற இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் மனுவோடு கவுன்சிலரிடம் கொடுங்கள். எந்தத் தெருக்களுக்குப் பலன் என்று அவருக்குப் பளிச்சென்று புரியும்.

சரி, பூங்காவே இல்லாத ஏரியா என்றால்? அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் முடிவு வெளியானது. குப்பையை அள்ளி, புல்லும் சில மரங்களும் வைத்த மனைகளின் அருகே வசித்தவர்களில், மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்தார்கள். வெறுமனே குப்பை அள்ளியதால் பெரிய மாற்றம் இல்லை.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். உங்கள் நகரின் அப்ரூவ்டு லேஅவுட் பிளானைச் செயற்கைக்கோள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூங்கா என்று போட்டிருக்கும் இடத்தில் ஷெட்டோ குப்பைமேடோ தெரிந்தால், சர்வே எண்ணோடும் அந்தப் படத்தோடும் மனு கொடுங்கள்.