70 வயதைத் தொடும் அப்பாவுக்கு எதில் முதல் கவனம் வேண்டும்?

சுகர், பிபி இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தினமும் நடக்கிறார், வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், முறிவை விட அதற்குப் பிறகு படுக்கையில் கிடப்பதுதான் ஆளைச் சாய்க்கும்: நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று வரிசையாக வரும்.

நடை மட்டும் போதாது. வயதாக ஆகத் தசை கரைகிறது, குறிப்பாகத் தொடையில். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் பத்து முறையாவது செய்யச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் பக்கத்தில் யாராவது நிற்கட்டும். காலையில் இட்லி, ராத்திரி கஞ்சி என்று ஓட்டினால் தசைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. முட்டை, மீன், சுண்டல், தயிர், எது ஒத்துக்கொள்கிறதோ அது; உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு).

அப்புறம் பிபி மாத்திரை. படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிபி பாருங்கள். நின்றபோது மேல் அளவு, படுத்திருந்தபோது இருந்ததைவிட 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையும் தள்ளாட வைக்கும். கண்புரை இருந்தால் "இன்னும் முற்றட்டும்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், அது அந்தக் காலப் பேச்சு. பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்குச் சின்ன லைட், இதெல்லாம் பெரிய செலவில்லை.

ஃப்ளூ தடுப்பூசி, நிமோகாக்கல் (ஒரு வகை நிமோனியாவுக்கு எதிரான) தடுப்பூசி பற்றி அடுத்த செக்கப்பில் கேட்டுவிடுங்கள்.