1991 சீர்திருத்தத்தால் சாதாரணக் குடும்பத்துக்கு நன்மையா? எங்கள் எஸ்.டி.டி. பூத் கணக்கு

"புள்ளிவிவரம் வேண்டாம், 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தால் உங்கள் குடும்பத்துக்கு நல்லது நடந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற தோரணையைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அப்படியானால் மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கடையை, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் காசு கொடுத்துப் போன் பேசுகிற பூத்தை, நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கடையால்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, எந்தக் கட்சிக்காரனும் இல்லை. "பூத் எல்லாம் ராஜீவ் காந்தி காலம், அவருடைய ஆலோசகர் சாம் பிட்ரோடா கொண்டுவந்தது, அதை ஏன் 91 கணக்கில் எழுதுகிறாய்" என்று சண்டைக்கு ஒருவர் வருவார், தெரியும். சரிதான். தொலைபேசித் தொழில்நுட்பத்துக்கான அரசு மையமான சி-டாட் 1984இல் தொடங்கியது. கிராமங்களுக்கென்று அது செய்த முதல் தொலைபேசி இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் வேலை செய்ய ஆரம்பித்தது. எல்லாம் 91க்கு முன்னால்தான். நான் சொல்ல வந்தது பூத் வந்த கதையை அல்ல, போன கதையை. அது 91 தனியார் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் போனது.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. ஊனமுற்றவர்களுக்கு பூத் ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு என்று யாரோ சொல்லி, அலையாய் அலைந்து வாங்கினார். டெபாசிட்டுக்கும் கேபினுக்குமாக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அது 1992. முந்தின வருடம்தான் நாடே சுமார் 47 டன் தங்கத்தை அனுப்பி அந்நியச் செலாவணிக்குக் கடன் வாங்கியிருந்தது. "கவர்மென்டே வெச்சிருக்கு, நமக்கென்ன" என்று அப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தினாராம். நாடு சீக்கிரமே கடனை அடைத்துவிட்டது. அம்மாவின் சங்கிலி திரும்ப நாலு வருடம் ஆயிற்று.

அலுமினியச் சட்டம், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு குட்டி மின்விசிறி, தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். உள்ளே போனவர்கள் அந்த எண்ணை அண்ணாந்து பார்த்தபடியேதான் பேசுவார்கள். கையில் நாற்பது ரூபாய் வைத்திருப்பவருக்கு முப்பத்தைந்தைத் தாண்டும்போதே குரல் மாறிவிடும். இரவு பதினொன்றுக்கு மேல் வெளியூர்ப் பேச்சுக்குக் கால்வாசிக் கட்டணம்தான். அதனால் பத்தரைக்கே பெஞ்சு நிறைந்துவிடும். சென்னையில் படிக்கிற பையனோடு பேச ஒருவர், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளோடு பேச ஒருவர். பத்து ஐம்பதுக்கு யாராவது அவசரப்பட்டால் அப்பா விடமாட்டார். "பத்து நிமிஷம் பொறுங்கண்ணே, காசு மிச்சம்." கட்டணம் குறைந்தால் குறைவது அவருடைய கமிஷனும்தான். அம்மா இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை.

அப்புறம் பி.பி. நம்பர். வீட்டில் போன் இல்லாதவர்கள், அதாவது ஊரில் முக்கால்வாசிப் பேர், எங்கள் கடை எண்ணைத்தான் தங்கள் எண்ணாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட "பி.பி." என்று போட்டு அச்சடித்திருப்பார்கள். அழைப்பு வந்தால் அப்பா "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சைக்கிளை எடுப்பேன். வந்து பேசுகிறவர்களிடம் ஒரு தடவைக்கு இரண்டு ரூபாய்.

மேலத்தெருவில் ஒரு அக்கா. கணவர் சவூதியில். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு அழைப்பு வரும். அக்கா நாலு மணிக்கே வந்து இடுப்பில் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடும். போன் வந்தால் உள்ளே போய் "ம்… ம்… சரிங்க… ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று நிமிடத்தில் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். வெளியே வந்து இரண்டு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, "அய்யய்யோ, கொல்லைச் சுவரு இடிஞ்சதைச் சொல்லலையே" என்று நிற்கும். சொல்ல இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஒரு தடவை நான் சிரித்துவிட்டேன். அப்பா அன்றைக்கு என்னை அடித்தார்.

சாவுச் செய்தியும் எங்கள் கடைக்குத்தான் வரும். அதற்கு ஒரு முறை உண்டு. "சீரியஸ்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் வாயைத் திறக்காதே" என்பார் அப்பா. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, செட்டிக்குளத்துக் கரையில் இட்லிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் போய், "திருச்சியில உங்க அண்ணனுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம், உடனே வரச் சொன்னாங்க" என்றேன். அவர் "உசிரு இருக்குல்ல தம்பி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் கல்லாவிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அந்த ஐந்து ரூபாயை அப்பாவிடம் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவை.

சரி, போன கதைக்கு வருகிறேன். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கைப்பேசியில் அழைத்தார். நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு அது. (அடுத்த வருடம் அதே சுக்ராம் வீட்டில் சி.பி.ஐ. கட்டுக்கட்டாகப் பணத்தை எடுத்தது தனிக்கதை.) அந்தச் செய்தியைப் பார்த்து அப்பா சிரித்தாராம். "வர்ற போனை எடுக்கிறதுக்கும் காசாம்டா, எவன் வாங்குவான்?" இரண்டு ரூபாய் வாங்குகிற மனுஷன் சொல்கிற பேச்சா இது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆயிற்று. அதே வருடம் ஐந்நூற்று ஒரு ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று ரிலையன்ஸ் விளம்பரம் வந்தது. முதலில் செத்தது பி.பி. நம்பர்தான். சவூதி அக்காவுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு போன் வந்தது. வாங்கிய கையோடு கடைக்கு எடுத்துவந்து அப்பாவிடம்தான் காட்டியது, எப்படி எடுப்பது, எப்படி வைப்பது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினொரு மணிக் கூட்டம் அதோடு முடிந்தது. அப்பா சிம் கார்டும் டாப் அப்பும் விற்க ஆரம்பித்தார். பூத்தை ஒழித்த சரக்கைப் பூத்திலேயே வைத்து விற்றார் என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "யாவாரம்னா அப்படித்தான்" என்பார். 2016இல் ஜியோ வந்து, ரீசார்ஜையும் அவரவர் போனிலேயே செய்யத் தொடங்கியபின் அதுவும் இல்லை. ஜெராக்ஸ் மிஷினை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டினார்.

இதில் யாரைக் குறை சொல்வது? கொல்லைச் சுவர் இடிந்தால் அக்கா அந்த நிமிடமே சொல்லிவிடலாம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பழைய காலம்தான் பொற்காலம் என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் அனுப்புகிற சித்தப்பாவைப் போல நான் பேசமாட்டேன். டெலிபோனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பூத் காசில்தான் நான் பொறியியல் படித்தேன். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். இந்த வேலை 91 இல்லாமல் வந்திருக்காது. ஆக எங்கள் வீட்டில் மகனுக்கு லாபம், அப்பாவுக்கு நட்டம். கூட்டிக் கழித்தால் குடும்பத்துக்கு லாபம்தானே என்பீர்கள். என் மைத்துனரும் அதையேதான் சொல்கிறார். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் தொழில் போனது. அந்தக் காலோடு இன்னொரு தொழில் தேடிப் போக முடியாது. மகன் காசு அனுப்புகிறான் என்பதும் தன் கல்லாவில் காசு கிடக்கிறது என்பதும் அவருக்கு ஒன்றாகுமா? உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்குத் தனிக் கட்டம் இருக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு வங்கிக் கிளையில் கே.ஒய்.சி. புதுப்பிக்க அப்பாவை மூன்று தடவை வரவழைத்தார்கள். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் விரல்ரேகை பதியவில்லை. மூன்றாம் நாள், படிவத்தை இங்கிலீஷில்தான் நிரப்ப வேண்டுமாம். இருபத்தைந்து வருடம் பேரேட்டைத் தமிழில் எழுதி ஒரு பைசா பிசகாமல் கணக்குக் காட்டிய மனிதர். படிக்கட்டில் கைப்பிடிகூட இல்லை. டிஜிட்டல் டிஜிட்டல் என்கிறார்கள், ஒரு கைப்பிடி வைக்கத் துப்பில்லை. இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

கேபினை இரும்புக் கடைக்குப் போட அப்பா சம்மதிக்கவில்லை. கொல்லையில், அந்தக் கண்ணாடிக் கதவோடு, இப்போது அம்மா வறட்டி அடுக்கி வைத்திருக்கிறாள். அப்பாவிடம் நான் வாங்கிக்கொடுத்த ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, எவ்வளவு பேசினாலும் ஒரே காசு. பலமுறை சொல்லியும் ஆயிற்று, பகலிலேயே கூப்பிடுங்கள், எல்லாம் ஒன்றுதான் என்று. "தெரியும்டா" என்பார். நேற்றும் பதினொன்று ஐந்துக்குத்தான் கூப்பிட்டார். "மாமா இன்னுமா தூங்கலை" என்று என் மனைவி புரண்டு படுத்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.